கைக்குள் இருந்த விரல்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். கழுத்தளவு என்ன, தலைக்கு மேலேயே தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் நாக்கு அழுகி விழட்டும். வலது கையைத் தூக்கியே சத்தியம் பண்ணியிருப்பேன், அந்தக் கையில் ஒரு சின்னக் கோளாறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு மனுஷனுடைய மண்டைக்குள் ஓடியதெல்லாம் உனக்கு எப்படி ஐயா தெரியும் என்று யாரும் நடுவில் குறுக்கே விழக்கூடாது. தெரியும், அவ்வளவுதான். செங்கழுநீர்க்குடி மடத்துக் கல்லூரியின் கலையரங்கத்தில், செயலர் குஞ்சிதபாதம் மைக்கைப் பிடித்தது முதல் விட்டது வரைக்கும்தான் கதை. அந்த நேரம் முழுக்கத் தத்துவப் பேராசிரியர் வைத்திலிங்கம் மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே கண் தெரியாதவர். இடது கையில் மடக்கிய பிரம்பு. வலது கை மூடியிருந்தது. மூடிய கைக்குள் சாமியின் விரல் இருந்தது.

கல்தான். வந்தபோது குளிர்ந்த கல்லாக இருந்தது, இப்போது உள்ளங்கைச் சூடு ஏறி உயிருள்ள விரல் மாதிரி ஆகிவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு முனை வழவழவென்று, நகம்கூடச் செதுக்கியிருக்கிறான் மகராசன். மறுமுனை உடைத்த கற்கண்டு மாதிரி, அதில் ரப்பர் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்தனம் வியர்வையில் இளகிக் கூழாகி விரலிடுக்கில் வழிகிறது. சந்தனத்துக்கு அடியில் இன்னொரு வாசனை. இதை எங்கேயோ மோந்திருக்கிறோம், எங்கே, ஆங், வீட்டுக் குளியலறை. குழாய் ஒழுகியபோது வந்தவன் எதையோ இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து அப்பிவிட்டுப் போனான், பெண்டாட்டி மரகதம் மூக்கைப் பொத்திக்கொண்டே குளித்தாளே, அதே வாசனை. அப்படியானால் சாமிக்கும் குழாய்ப் பசை. அப்படியானால் நான் உடைக்கவில்லை, முன்பே உடைந்தது, எவனோ ஒட்டிவைத்து, மேலே சந்தனக் காப்பைப் பூசி, இத்தனை நாளும் கலைக்காமலே வைத்திருக்கிறான். ஆனால் அதை யாரிடம் சொல்வது, யார் நம்புவார்கள். விழா தொடங்கும் முன் சாமிக்கு மாலை போட தனுஷ்கோடிதான் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். பியூன்களிலேயே அவன் ஒருவன்தான் ஆளைத் தள்ளுவண்டி மாதிரி தள்ளாதவன். “சார், இங்க ஒரு படி. சார், இன்னொரு படி. தட்சிணாமூர்த்தி உங்க மூஞ்சிக்கு நேரா இருக்காரு, அப்பிடியே போடுங்க.” போட்டார். மாலை எதிலோ மாட்டிக்கொண்டது. எடுத்துவிடலாம் என்று கையை விட்டுத் துழாவினார், பல் விழுகிற மாதிரி ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான், உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சாமந்தி மாலை சாமியின் கையை மூடியிருக்க வேண்டும். யாரும் சத்தம் போடவில்லை. பார்க்கவில்லை என்று அர்த்தமா, பார்த்துவிட்டு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கிறார்களா. கண் உள்ளவர்களின் மௌனத்தை ஒருநாளும் நம்ப முடியாது.

“கண்ணொளியை மறுத்த இறைவன், நம் பேராசிரியருக்கு அகக்கண்ணை அல்லவா வாரி வழங்கியிருக்கிறான்!” என்றது மைக். கைதட்டல். அகக்கண். அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று இவர்களில் ஒருவன் தொட்டுக் காட்டட்டும். அதை வைத்துக்கொண்டு பஸ் போர்டு படிக்க முடியுமா, பாலில் செத்த எறும்பு தெரியுமா. அகக்கண் கொடுத்தவனுக்குப் பீடத்தைக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. பீடம் என்றால் ஒன்றுமில்லை, பலாமரப் பலகை. மேடையோரத்து மாடத்தில் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியின் காலடியில் போட்டிருப்பார்கள். சித்தாந்தம் நடத்துகிற ஆசான் அதில் உட்கார்ந்து முதல் பாடம் சொன்னால்தான் அவர் ஆசான். பழைய ஆசான் செத்ததிலிருந்து பலகை காலி. பாடம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது, நடத்துவது வைத்திலிங்கம், அவருக்கு ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. அதற்குப் பெயர் பொறுப்பு. போன மாசம் அறைக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, சர்க்கரை போதுமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, “சார், உங்க அறிவுக்கு நான் அடிமை. ஆனா பாடம் வேற, பீடம் வேற. அங்கக் குறை உள்ளவங்க பீடத்துல உக்காரப்படாதுன்னு இருக்கே, நான் என்ன பண்ணுவேன்? ஆகமத்தை நானா எழுதினேன்?” என்றான் குஞ்சிதபாதம். காப்பியில் சர்க்கரை அதிகம். பலகைக்குக் கூட வேலைபார்க்கிற சபாநாதனைப் போடப்போகிறார்கள். சபாநாதனுக்கு இரண்டு கண்ணும் பிரமாதம், அவற்றைப் புத்தகத்தின் பக்கம் திருப்புவதுதான் அவனுக்குப் பிடிக்காது. நேற்று ராத்திரிகூடப் போன் பண்ணி, “சார், அந்த மூணு மலத்துல ரெண்டாவது எது சார்?” என்று கேட்டான். இன்றைக்கு விழா முடிகிறபோது அறிவிப்பு. அதற்கு முன்னால் வைத்திலிங்கத்துக்குச் சால்வை. மாற்றுத்திறனாளிகள் தினம், ஆசான் அறிவிப்பு, இரண்டுக்கும் ஒரே மைக், ஒரே டிபன். “வாயைக் கட்டிக்கிட்டு, போத்துற சால்வையை வாங்கிக்கிட்டு வந்து சேருங்க” என்று மரகதம் காலையில் சொல்லித்தான் அனுப்பினாள். “ஏற்கெனவே பீரோ நெறைய சால்வை. ஒரு மனுஷனுக்கு வேலையக் குடுக்காம சால்வையாவே குடுத்தா நான் என்ன கடையா வைக்கிறது?”

ஆள்காட்டி விரல். வளைவைத் தடவினால் தெரிகிறது, நுனியில் கட்டைவிரலைத் தொட்ட இடம் தட்டையாக இருக்கிறது. எத்தனை வருஷம் இதைப் பாடமாக நடத்தியாயிற்று, தன் கையையே மேலே தூக்கிக் காட்டி, கட்டைவிரல் இறைவன், ஆள்காட்டி விரல் உயிர், மற்ற மூன்றும் ஆணவம் கன்மம் மாயை, அந்த மூன்றையும் விட்டு விலகி உயிர் போய் இறைவனைத் தொடுகிறது, இதுதான் சின்முத்திரை, வாயைத் திறக்காமல் அவர் சொன்ன பாடம் முழுக்க இந்த ஒரு கைக்குள் இருக்கிறது என்று. இப்போது உயிர் கழன்று என் உள்ளங்கையில் கிடக்கிறது, மூன்று மலமும் அங்கே ஜம்மென்று நிமிர்ந்து நிற்கின்றன. சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது. மேடையில் குருடன் தனியாகச் சிரித்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள், பரவசம் என்பார்கள். எங்கே போடுவது. சட்டைப்பை மெல்லிசு, தெரியும். வேட்டி மடிப்பில் செருகினால் எழுந்து நிற்கும்போது டணக்கென்று விழும். நாற்காலிக்கு அடியில் நழுவவிடலாம், நழுவவிட்டால் மரத்தரையில் சத்தம் கேட்கும், எல்லோரும் பார்ப்பார்கள், சந்தனம் யார் கையில் என்று பார்ப்பார்கள், குருடன் சாமியை ஒடைச்சுட்டான். அந்த வாக்கியம் இந்த ஊரை விட்டுப் போகாது. வேலை போகும், அது பெரிதில்லை. அதற்கப்புறம் எந்தக் குருடன் எந்தக் கோயில் வாசலுக்குப் போனாலும், “ஏய், பாத்து, ஒருத்தன் செங்கழுநீர்க்குடியில…” என்று ஆரம்பிப்பார்கள். நம்மில் ஒருவன் கை தவறினால் எல்லோருடைய கையும் தவறியதாக ஆகிவிடும். சபாநாதன் முட்டாளாக இருந்தால் சபாநாதன் மட்டும்தான் முட்டாள்.

“நான்கு குருடர்கள் யானை பார்க்கப் போனார்களாம்…” வந்துவிட்டது. வராமல் இருக்குமா. வைத்திலிங்கம் ஏறிய மேடையிலெல்லாம் இந்த யானை பின்னாலேயே ஏறிவந்து சாணி போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. ஒருத்தன் தூண் என்றானாம், ஒருத்தன் முறம் என்றானாம். எந்தக் குருடனடா ஒரு காலைத் தடவிவிட்டுத் தூண் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்? சுற்றி வருவான். மேலே என்ன இருக்கிறது என்று பாகனைக் கேட்பான். உனக்கு என்னடா அகப்பட்டது என்று பக்கத்துக் குருடனைக் கேட்பான். கேட்டுக் கேட்டு வாழ்கிறவன் அவன். ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் முழுசும் தெரிந்துவிட்டது என்று கிளம்புகிறவன் கண் உள்ளவன்தான், தன் வியாதியைக் கதையாக்கி எங்கள் தலையில் கட்டிவிட்டான். தத்துவத்துக்குக் குருடன் இல்லாமல் ஒரு நாள் போகாது. இருள் போன்றது ஆணவம், இருளில் கிடக்கும் உயிர் குருடனைப் போன்றது, அந்த இடம் வரும்போது வகுப்பே மூச்சை அடக்கிக்கொள்ளும். “என்ன, என்னையே பாக்குறீங்களா? நல்லாப் பாருங்க, உதாரணம் நேர்லயே வந்திருக்கு” என்பார். ஒருத்தியாவது சிரிப்பாள், அப்புறம் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் இருட்டு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவே தெரியாது. இருட்டைப் பார்ப்பதற்கும் கண் வேண்டும். எம்.ஏ. பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கென்று உட்கார்த்திய ஆள், முக்தியைப் பற்றிய விடையைப் பாதியிலேயே முடித்துவிட்டான். “எப்பிடியும் கடைசில முக்தி கெடைச்சிடுதுல்ல சார், இவ்வளவு போதும், எனக்குக் கை வலிக்குது.” அந்தக் கைவலியோடுதான் அவர் முதல் வகுப்பில் தேறினார், தங்கப் பதக்கம் வேறொருவனுக்குப் போயிற்று, அவனும் கண் உள்ளவன், அவன் இப்போது சிமெண்டு ஏஜென்சி வைத்திருக்கிறான்.

கண். சின்ன வயசில் அம்மா சமயபுரத்தில் கண்மலர் வாங்கிப் போட்டாள், தகடாக வெள்ளிக் கண் இரண்டு, அவன் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டு உண்டியலில் போட்டாள். உண்டியலுக்குள் விழுந்தபோது முன்பே கிடந்த கண்களின் மேல் விழுந்த சத்தம் கேட்டது. ஊர்ப்பட்ட கண் உள்ளே கிடந்தது, ஒரு ஜோடி வெளியே வரவில்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று சுகமளிக்கும் கூட்டத்துக்கும் கூட்டிப்போனாள், ஒரு பெரிய கை வந்து நெற்றியை அழுத்தி, “மகனே, என்ன தெரிகிறது, சொல், என்ன தெரிகிறது!” என்று உலுக்கியது. “வெங்காய வாசன தெரியுது” என்றான் பையன். பஜ்ஜி சாப்பிட்ட கை. கூட்டம் சிரித்துவிட்டது, பெரியவருக்குக் கோபம், தாயிடம் விசுவாசம் இல்லை என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஜோசியன் போன ஜென்மத்தில் இவன் யார் கண்ணையோ குத்தியிருக்கிறான் என்றான். கோயில், கூட்டம், கட்டம், எங்கே போனாலும் கடைசியில் குற்றவாளி ஒருவர்தான் வேண்டியிருந்தது, அவனோ அவளோ. திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா, “போறானுவ கட்டையில போறவனுவ, நீ ஒண்ணும் நெனைக்காத தங்கம்” என்று திட்டமாகத்தான் பேசினாள், குரலில் ஒரு பிசிறு கிடையாது. பிடித்திருந்த கை மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும், கை சொல்லாது. அன்றைக்குத் தெரிந்துகொண்டது. அதற்கப்புறம் யார் என்ன பேசினாலும் வைத்திலிங்கம் கையைத்தான் கேட்பார். மரகதத்தைக் கட்டிக்கொண்டதுகூட அவள் கையைக் கேட்டுத்தான், பெண் பார்க்கப் போன இடத்தில் டம்ளரை அவர் கையில் வைத்தவள் பாவம் பார்த்து அதைப் பிடித்துக்கொண்டே நிற்கவில்லை, விட்டுவிட்டாள்.

“…நம் மடத்து வழக்கம் என்ன? மூர்த்தி என்றால் முழுமை! நகம் பெயர்ந்தாலும் பின்னம் பின்னம்தான், அன்றைக்கே திருக்குளத்தில் இறக்கிவிடுவோம். குறையுள்ளதைப் பீடத்தில் வைத்தோம் என்று இந்த மடத்துக்கு இதுவரை பேர் கிடையாது!” குஞ்சிதபாதம் இதை எதற்குச் சொல்கிறான் என்று மேடைக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். சபாநாதனுக்குப் பாய் விரிக்கிறான். குஞ்சிதபாதம் என்று, எடுத்த காலை வளைத்துத் தூக்கி ஆடுகிறவரின் பெயரை வைத்துக்கொண்டு முழுமையைப் பற்றிப் பேசுகிறான். வைத்திலிங்கத்தின் கைக்குள் விரல் குத்தியது, உடைந்த முனை சதையில் பதிந்துவிட்டது. ஐயா, நகம் என்ன, விரலே போயிற்று ஐயா, உம்மைத்தான் சொல்கிறான், காதில் விழுகிறதா, நீரும் நானும் இன்றைக்கு ஒரே கட்சி, உமக்குச் சந்தனம், எனக்குச் சால்வை, பூசி மறைத்து உட்கார்த்தியிருக்கிறார்கள். நீர் வாயைத் திறக்கமாட்டீர், அதற்கே பேர் வாங்கியவர். நானும் திறக்கக்கூடாது என்று பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள். எழுந்து நின்று காட்டிவிடலாமா, காட்டினால் பழி என் மேல். காட்டாவிட்டால் பலகை அவனுக்கு. இரண்டு பக்கமும் அடி. யார் ஒட்டியது என்று தெரிந்தால், யாருக்குத் தெரியும் என்று தெரிந்தால்—

நாற்காலிகள் நகர்ந்தன. ஜவ்வாது வாசனை நெருங்கிவந்தது, சரசரவென்று சால்வை தோளில் விழுந்தது, போட்டோக்காரன் “ஐயா, ரெண்டு பேரும் கைகுடுத்தாப்ல, இப்பிடிப் பாருங்க” என்றான், எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை. குஞ்சிதபாதத்தின் கை வந்து அவருடைய வலது கையைத் தேடியது. மெத்தென்ற, மோதிரம் போட்ட கை. யோசிக்கவில்லை, இத்தனை நேரம் யோசித்ததெல்லாம் எங்கே போயிற்றோ, வைத்திலிங்கம் கையைத் திறந்து அந்த உள்ளங்கையில் விரலை வைத்து அழுத்தினார். அழுத்திவிட்டுக் கையைக் கேட்டார். தெரியாத பொருள் பட்டால் கை முதலில் பின்வாங்கும், அப்புறம் உருட்டிப்பார்க்கும், அப்புறம் ‘என்ன இது’ என்று கேட்கும். இந்தக் கை பின்வாங்கவில்லை. உருட்டவில்லை. தொலைத்த சாவி கிடைத்த மாதிரி சட்டென்று மூடிக்கொண்டது. மூடிக்கொண்டு, குளிரத் தொடங்கியது. ஓ. நீதானா. 

காதோரம் ஜவ்வாதும் வெற்றிலையுமாகக் குரல் வந்தது. “சார், சத்தம் போட்டுடாதீங்க. பல்பு மாத்துறப்ப ஏணி சாஞ்சு பட்டுடிச்சு. மடத்துச் சந்நிதானத்துக்குத் தெரிஞ்சா என் தலை இருக்காது.”

“எப்ப?”

“போன வருஷம். சார், நான் சொல்றதைக் கேளுங்க. வர்ற வியாழக்கெழம நீங்களே பலகையில உக்காந்துடுங்க. சபாநாதனுக்கு வேற ஏதாவது பாத்துக்கலாம். பரிகாரம் இருக்கு சார், ஆகமத்துலயே இருக்கு.”

“பரிகாரம் எனக்கா, அவருக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான் சார்.” சிரித்தமாதிரி ஒரு மூச்சு. போட்டோக்காரனுக்காகப் பல்லைக் காட்டியிருப்பான்.

பலகை. பலாமர வாசனை வந்துவிட்டது மூக்குக்கு. வியாழக்கிழமை, உச்சந்தலைக்குப் பின்னால் அவர், காலடியில் நான், முதல் பாடம். எத்தனை வருஷம். கேட்டது கிடைக்கிறது, உன் பேச்சுக்கு அல்ல, உன் படிப்புக்கு அல்ல, ஒரு கல்துண்டுக்கு. உட்காரலாம். உட்கார்ந்தால் மேலே ஒரு பூச்சு, கீழே ஒரு பூச்சு, இரண்டையும் பூசியவன் முன்வரிசையில். குறை உள்ளவன் உட்காரலாம், குறையை மறைக்க ஒத்துக்கொண்டால். அப்படித்தானே அவரும் உட்கார்ந்திருக்கிறார். அம்மா கை நடுங்கியது. இந்தக் கை குளிர்கிறது. தனுஷ்கோடி மைக்கைக் கொண்டுவந்து இடது கையில் வைத்து, “சார், ரெண்டு வார்த்த நன்றி சொல்லணுமாம்” என்றான்.

வைத்திலிங்கம் தொண்டையைச் செருமினார். மைக்கும் கூடவே செருமியது. “நன்றி. செயலர் ஐயாவின் வலது கையில் ஒரு பொருள் இருக்கிறது. போன வருஷத்திலிருந்து அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. கையைத் திறந்து சபைக்குக் காட்டும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.” ஜவ்வாது வாசனை வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். “ஐயா, கையைத் திறங்க. எனக்குத் தெரியாது பாருங்க, கண் உள்ளவங்கதான் பார்த்துச் சொல்லணும்.” குஞ்சிதபாதத்தின் கை திறந்தது. அப்புறம் முன்வரிசையில் ஒரு பெண், மாணவியாக இருக்க வேண்டும், “ஐயய்யோ, வெரலுடீ!” என்றாள்.

அப்புறம் என்ன, நடக்க வேண்டியது நடந்தது. சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். மடத்து வழக்கப்படி மூர்த்தியை மேளம் வைத்துத் திருக்குளத்தில் இறக்கினார்கள். குஞ்சிதபாதம் காசிக்குப் போனவர் திரும்பவில்லை, இன்னும் தங்கித் தரிசிக்க அங்கே நிறைய இருக்கிறதாம். மூர்த்தி இல்லாத இடத்தில் பலகை எதற்கு என்று அதைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள், சபாநாதனுக்கும் கிடைக்கவில்லை, வைத்திலிங்கத்துக்கும் கிடைக்கவில்லை. அவர் இன்னும் கால் ஆடுகிற நாற்காலியில்தான் பாடம் நடத்துகிறார். ஊரில் பாதிப்பேர் இன்றைக்கும் குருடன்தான் உடைத்தான் என்கிறார்கள், பார்த்தவர்களே சொல்கிறார்கள். வைத்திலிங்கம் சாயங்காலம் குளத்துக்கு வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டு, “என்ன ஐயா, உமக்கும் பீடம் போச்சா?” என்று கேட்டுச் சிரிக்கிறார். பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? பார்க்க இளசு மாதிரி செதுக்கிவிட்டானே தவிர, நான் கிழவன், இந்த உலகத்தில் என்னைவிடக் கிழவன் கிடையாது. இத்தனை காலம் ஒரு விரலை மடக்கிக் காட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் ஓட்டிவிட்டேன். விரல் போனபிறகு வாயைத்தான் திறக்கவேண்டியிருக்கிறது. கேட்டீர்களா, கேட்டதோடு இருக்கட்டும். யார் சொன்னது என்று மட்டும் வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள். தெரிந்தால் குளத்தை இறைத்துவிடுவார்கள், மீன்கள் பாவம்.